சுற்றுலாவால் பெருநகரத்துக்கு வரும் பணம் யார் கைக்குப் போகிறது?

குடக்கூலி எழுதியது:

ஒரு பெருநகரத்துக்குச் சுற்றுலா நல்லதா கெட்டதா என்று பேச்சு வந்தாலே இரண்டு பட்டியல் போட்டுவிடுகிறோம். இந்தப் பக்கம் வேலைவாய்ப்பு, வரி, அந்நியச் செலாவணி. அந்தப் பக்கம் நெரிசல், குப்பை, விலைவாசி. கூட்டிக் கழித்துப் பார்த்து, மொத்தத்தில் லாபம்தான் என்று முடித்துக்கொள்கிறோம். எனக்கு அந்தக் கூட்டல் கழித்தல் மேல்தான் சந்தேகம். லாபம் ஒருவர் பெட்டிக்குப் போகிறது, செலவு இன்னொருவர் தலையில் விழுகிறது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி மீதி பார்ப்பது சரியாகப் படவில்லை.

ஸ்பெயினின் பார்சிலோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஒலிம்பிக்குக்காகக் கடற்கரையைத் திருத்தினார்கள், ஊரையே உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 16 லட்சம் பேர். வருகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. 2024 ஜூனில் மேயர் ஜவுமே கொல்போனி ஒரு முடிவை அறிவித்தார். பயணிகளுக்கு வாடகைக்கு விட உரிமம் பெற்ற 10,101 அடுக்குமாடி வீடுகளின் உரிமங்கள் 2028 நவம்பரோடு முடியும், புதுப்பிக்க மாட்டோம் என்றார். பத்தாண்டுகளில் வீட்டு வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்பது அவர் காட்டிய காரணம். அடுத்த மாதமே ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். அதில் சிலர் உணவகத்தில் உட்கார்ந்திருந்த பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

சுற்றுலாவால் இவ்வளவு பிழைத்த ஊரே இந்த நிலைக்கு வந்தது எப்படி? உங்கள் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வரவேற்புமேசை எழுதியது:

நான் பல வருடங்களாக ஹோட்டல் முன்மேசையில் வேலை பார்ப்பவன். எனவே நடுநிலையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

2019இல் உலக அளவில் எல்லை தாண்டிப் போன சுற்றுலாப் பயணங்கள் ஏறத்தாழ 146 கோடி. 2020இல் அது கிட்டத்தட்ட நாலில் மூன்று பங்கு விழுந்தது. அந்த ஆண்டு ஒரு பெரிய ஹோட்டல் மூடிக் கிடந்தால் யார் யார் வீட்டில் அடுப்பு எரியாது என்பதைக் கண்ணால் பார்த்தேன். அறை சுத்தம் செய்பவர், சமையல்காரர் மட்டும் இல்லை. படுக்கை விரிப்பு துவைக்கும் லாண்டரிக்காரர், விடியற்காலையில் காய்கறி இறக்குபவர், விமான நிலையத்துக்குக் கார் ஓட்டுபவர், லிப்ட் ரிப்பேர் செய்பவர், கல்யாண மண்டபத்துக்குப் பூ கட்டுபவர் என்று சங்கிலி நீண்டுகொண்டே போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய படிப்பு இல்லாமல், சிபாரிசு இல்லாமல் நகரத்துக்குப் புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்குக் கதவைத் திறக்கிற தொழில்கள் குறைவு. ஹோட்டல் தொழில் திறக்கிறது. பாத்திரம் கழுவ வந்து சமையலறைத் தலைமைக்கு வந்தவர்கள் என்னோடு இருக்கிறார்கள். "பயணிகளே வராதீர்கள்" என்று பலகை பிடிப்பவர்கள் இவர்கள் எங்கே போவார்கள் என்றும் சொல்லட்டும்.

சாளரம் எழுதியது:

வரவேற்புமேசை, வேலை உண்டு என்பதில் சண்டை இல்லை. அது என்ன வேலை என்பதுதான் கேள்வி. சீசனில் கூப்பிடுவார்கள், சீசன் முடிந்தால் அனுப்பிவிடுவார்கள். பாதிப்பேர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள், இத்தனை அறைக்கு இவ்வளவு என்று கூலி. நகரம் அந்த ஒரே தொழிலை நம்பி நின்றால் நீங்கள் சொன்ன 2020 மறுபடி வரும்போது மறுபடி அதே அடுப்புதான் அணையும்.

திட்டவரைவு எழுதியது:

நகரத் திட்டமிடலில் வேலை செய்கிறேன். வீட்டு வாடகைப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் தொல்லைகளும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

முன்பெல்லாம் பயணி ஹோட்டலில் தங்குவார். ஹோட்டல் எங்கே வரலாம், எத்தனை மாடி, எத்தனை அறை என்பதை மாநகராட்சி முடிவு செய்யும். வீட்டைப் பயணிகளுக்கு இரவு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி இணையதளம் 2008இல் தொடங்கிய பிறகு அந்தக் கட்டுப்பாடு கையை விட்டுப் போனது. எந்தக் குடியிருப்பும் ஒரே வாரத்தில் விடுதியாகலாம். வீட்டுக்காரருடைய கணக்கு எளிமையானது. மாத வாடகைக்குக் குடும்பத்தை வைத்தால் வருவதைப் பயணிகள் பத்துப் பதினைந்து இரவிலேயே கொடுத்துவிடுகிறார்கள் என்றால், குத்தகை முடிந்ததும் குடும்பத்தை ஏன் வைத்திருக்கப் போகிறார்? அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சட்டம் விட்ட இடத்தில் பணம் போகும்.

ஒரு தெருவில் நூறு வீட்டில் பத்து இப்படி மாறினால் போதும், மீதி தொண்ணூறின் வாடகையும் அதைப் பார்த்து ஏறும். அப்புறம் கடைகள் மாறும். தையல்காரர், இரும்புச் சாமான் கடை, மருந்துக்கடை எல்லாம் குடியிருப்பவர்களை நம்பி நடப்பவை. அவர்கள் குறைந்தால் அந்த இடத்தில் நினைவுப்பொருள் கடையும் பெட்டி பாதுகாக்கும் கடையும் வரும். குழந்தைகள் குறைந்தால் பள்ளியில் வகுப்பு குறையும். கடைசிவரை தெருவில் இருப்பவர்கள் சொந்த வீடு உள்ள வயதானவர்கள், அவர்களுக்குப் பால் வாங்கவும் நடக்க வேண்டிய தூரம் கூடிவிடும்.

வெனிஸின் பழைய தீவுப்பகுதியில் 1951இல் சுமார் 1.75 லட்சம் பேர் இருந்தார்கள். 2022இல் 50,000க்குக் கீழே போய்விட்டது. ஆனால் இதில் கவனம் வேண்டும். முழுப் பழியையும் சுற்றுலா மேல் போடக் கூடாது. ஈரம் ஏறிய வீடுகள், 1966 வெள்ளம், எதிர்க்கரையில் மெஸ்த்ரேயில் கிடைத்த வசதியான வீடும் தொழிற்சாலை வேலையும் ஏற்கெனவே மக்களை இழுத்துக்கொண்டிருந்தன. சுற்றுலா செய்தது, போனவர்கள் இடத்தில் புதியவர்கள் குடியேற முடியாமல் ஆக்கியது.

எண்கோலம் எழுதியது:

திட்டவரைவு, அப்படியானால் நியூயார்க்கில் ஏன் வாடகை விழவில்லை? 2023 செப்டம்பரில் அவர்கள் சட்டத்தை இறுக்கினார்கள். 30 நாளுக்குக் குறைவாக விட வேண்டுமானால் பதிவு கட்டாயம், வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது. குறுகியகால வாடகை விளம்பரங்கள் பெருமளவு காணாமல் போயின. வீட்டு வாடகை குறைந்ததாகத் தெரியவில்லை, ஹோட்டல் கட்டணம்தான் ஏறியது.

திட்டவரைவு எழுதியது:

நல்ல கேள்வி. 80 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தில், சில ஆயிரம் வீடுகள் சந்தைக்குத் திரும்பினால் சராசரி வாடகை அசையாது. அங்கே வீட்டுப் பஞ்சத்துக்குக் காரணம், பல்லாண்டுகளாகத் தேவைக்குக் கட்டாதது. குறுகியகால வாடகையைத் தடுப்பது புதிய வீடு கட்டுவதற்கு மாற்று இல்லை. ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் விஷயம் மறைந்துவிடும். இந்த வீடுகள் நகரம் முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை, மையத்தில் சில வட்டாரங்களில் குவிகின்றன. அந்த வட்டாரத்தில் ஒரு கட்டடத்தில் வாழ்பவருக்குத் தன் மாடியில் வாரத்துக்கு மூன்று முறை ஆள் மாறாமல் இருப்பதே பெரிய நிம்மதி. வாடகை விழாவிட்டாலும் அது கணக்கில் வர வேண்டும்.

பாரிஸ் வேறு வழி எடுத்தது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை ஆண்டுக்கு 120 இரவு வரை விடலாம் என்று இருந்ததை 2025 முதல் 90 ஆக்கியது. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர் வீட்டை விட்டு நாலு காசு பார்க்கலாம், அதையே முழுநேரத் தொழிலாக்க முடியாது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

பயணப்பை எழுதியது:

எல்லாரும் வீட்டிலேயே நிற்கிறீர்கள். சுற்றுலா ஒரு நகரத்துக்குத் தருவதில் பாதி, ரூபாய் நாணயக் கணக்கில் வராதது.

பழைய கட்டடங்கள் இடிபடாமல் நிற்கக் காரணம் என்ன? பார்க்க ஆள் வருகிறார்கள் என்பது பெரிய காரணம். இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டினால் அதிக லாபம் என்று நினைப்பவரிடம், இப்படியே விட்டாலும் பணம் வரும் என்று காட்ட முடிகிறது. நகரவாசிகள் மட்டும் டிக்கெட் வாங்கினால் பெரிய அருங்காட்சியகங்களும் நாடக அரங்குகளும் இந்த அளவில் நடக்குமா? பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகப் பார்வையாளர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். வெளியூர்க்காரர் கொடுக்கிற பணத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் உலகத்தரமான ஓவியத்தைப் பார்த்து வளர்கிறார்கள். நேரடி விமானங்கள், பின்னிரவு ரயில்கள், பல மொழிப் பலகைகள், சுத்தமான பொதுக் கழிப்பறைகள், இதெல்லாம் பயணிகளுக்காக வந்தாலும் பயன்படுத்துவது எல்லாரும்தான்.

ஸ்பெயினின் பில்பாவோவை மறக்க வேண்டாம். எஃகு ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் மூடி, வேலையில்லாமல் துவண்டு கிடந்த துறைமுக நகரம். 1997இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது. இன்றைக்கு அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆலைப்புகை யாருக்கும் நினைவுக்கு வராது. ஒரு நகரத்துக்குத் தன்னைப் பற்றிய எண்ணமே மாறுவது சாதாரண விஷயம் இல்லை.

சாளரம் எழுதியது:

பில்பாவோவில் அருங்காட்சியகத்துக்கு இரண்டு ஆண்டு முன்னாலேயே மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டது. அழுக்கடைந்த ஆற்றைப் பல ஆண்டுகள் செலவு செய்து சுத்தப்படுத்தினார்கள். அங்கே வாழ்பவர்களுக்காகச் செய்த வேலைகள் அவை. அவற்றை விட்டுவிட்டுப் பளபளப்பான ஒரு கட்டடத்தை மட்டும் நகலெடுத்த ஊர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

லூவ்ர் பற்றிச் சொன்னீர்கள். 1989இல் கண்ணாடிப் பிரமிடு வாசலைத் திறந்தபோது ஆண்டுக்கு 40 லட்சம் பேர் என்று திட்டமிட்டார்கள். 2024இல் வந்தவர்கள் சுமார் 87 லட்சம். 2025 ஜூனில் கூட்டம் தாங்காமல் ஊழியர்கள் திடீரென வேலையை நிறுத்தினார்கள், கதவு மணிக்கணக்கில் திறக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் பார்த்து வளரலாம்தான், நிற்க இடம் கிடைக்க வேண்டுமே.

கைகாட்டி எழுதியது:

நான் சுற்றுலா வழிகாட்டி. அன்றாடம் நான் கண்ணால் பார்க்கும் பெரிய உரசல் போக்குவரத்தில்தான்.

ஜப்பானின் கியோட்டோவில் நடந்ததைப் படித்தால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். கோயில்களுக்குப் போகும் நகரப் பேருந்துகளில் பெட்டிகளோடு பயணிகள் ஏறிவிட, மருத்துவமனைக்குப் போக நிற்கும் முதியவர் அடுத்தடுத்து இரண்டு பேருந்தை விட வேண்டியிருந்தது. மலிவான ஒருநாள் பேருந்துச் சீட்டை மாநகராட்சியே ஊக்குவித்து விற்றுவந்தது. 2023 செப்டம்பரோடு விற்பனையை நிறுத்தினார்கள். 2024 ஜூனில் முக்கிய இடங்களில் மட்டும் நிற்கும் சுற்றுலா விரைவுப் பேருந்தை விட்டார்கள். சாதாரணப் பேருந்தில் 230 யென், இதில் 500 யென். பயணிக்கு நேரம் மிச்சம், உள்ளூர்க்காரருக்கு இருக்கை மிச்சம்.

பார்சிலோனாவில் பயணிகள் மொய்க்கும் பார்க் குவெல் பூங்கா இருக்கும் மேட்டுக்குப் போகிற 116 என்ற சிறிய பேருந்து. அந்தச் சரிவில் வாழும் வயதானவர்களுக்கு அதுதான் கால். வரைபடச் செயலி பயணிகளை எல்லாம் அதில் ஏற்றிவிட, குடியிருப்பவர்கள் ஏற முடியவில்லை. 2024இல் மாநகராட்சி கேட்டுக்கொண்டு, அந்தத் தடத்தைச் செயலியிலிருந்தே எடுக்கவைத்தது. பேருந்து மறுபடி அவர்களுக்கு வந்தது. யாரையும் விரட்டவில்லை, அபராதம் போடவில்லை. இப்படிச் சின்னதாக யோசிப்பவர்கள் எல்லா மாநகராட்சியிலும் வேண்டும்.

ஆனால் பெரிய அறிக்கைகளில் வருகிற ஒரு யோசனையை மட்டும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். "பயணிகளை நகரத்தின் மற்றப் பகுதிகளுக்கும் பரவவிடுங்கள்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். மையத்தில் கூட்டம் குறைவதில்லை, ஏனென்றால் முதல்முறை வருகிறவர் பிரபலமான இடத்தைப் பார்க்காமல் போக மாட்டார். அதோடு, அமைதியாக இருந்த வட்டாரமும் "யாரும் அறியாத அழகு" என்று விளம்பரமாகி, அங்கேயும் வாடகை ஏறும். நானே ஆட்களை அழைத்துப்போன ஒரு பழைய குடியிருப்பு வட்டாரத்தில் இப்போது அழைப்புமணிக்குப் பக்கத்தில் பயணிகளுக்குச் சாவி வைக்கும் எண் பூட்டுப் பெட்டிகள்தான் வரிசையாகத் தொங்குகின்றன.

எண்கோலம் எழுதியது:

பணக் கணக்குக்கு வருகிறேன். எல்லாப் பயணியும் ஒன்று இல்லை. மூன்று இரவு தங்குகிறவர் அறை வாடகை, சாப்பாடு, டிக்கெட், டாக்சி என்று செலவு செய்கிறார். காலையில் உல்லாசக் கப்பலில் இறங்கி மாலையில் திரும்புகிறவர் சாப்பாட்டையும் படுக்கையையும் கப்பலிலேயே முன்பணம் கட்டி வாங்கிவிட்டார். நகரத்தில் நடப்பதும், படம் எடுப்பதும், குப்பையைப் போடுவதும்தான் அவர் பங்கு. தெருவில் அவர் அடைக்கும் இடம் மற்றவர் அடைக்கும் இடத்துக்குச் சமம்.

2021 ஆகஸ்டில் பெரிய கப்பல்கள் வெனிஸின் ஜுதெக்கா கால்வாய்க்குள் வருவதை இத்தாலிய அரசு தடுத்தது. 2024 ஏப்ரல் 25 முதல் வெனிஸ் நகரம், பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் கூட்டம் மிகுந்த நாட்களில் 5 யூரோ வாங்க ஆரம்பித்தது. அந்த ஆண்டு 29 நாட்கள். 2025இல் 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்பவர்களுக்கு 10 யூரோ என்று ஏற்றினார்கள். கூட்டம் குறிப்பிடும்படி குறையவில்லை. அவ்வளவு தூரம் வந்தவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போக மாட்டார். அது வருமானத்துக்கு வழி, கூட்டத்துக்கு அணை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மக்களுக்குக் கொடுத்த வாக்கு பொய்யாகும்.

அதே நேரம் வருமானத்தை இளக்காரமாகப் பேசவும் கூடாது. ஆம்ஸ்டர்டாம் 2024 முதல் அறைக் கட்டணத்தில் 12.5 சதவீதத்தைச் சுற்றுலா வரியாக வாங்குகிறது. பார்சிலோனா தன் சுற்றுலா வரிப்பணத்தை அரசுப் பள்ளிகளில் குளிர்சாதனமும் சூரியத் தகடும் பொருத்தச் செலவிடுகிறது. வெயிலில் தவிக்கிற வகுப்பறைக்கு அந்தப் பணம் போனால், பெற்றோருக்குப் பயணி யார் என்பது கண்ணுக்குத் தெரியும். நிறைய நகரங்களில் அந்த வரி சுற்றுலா விளம்பரத்துக்கே திரும்பப் போகிறது. அதுதான் எனக்குக் கோபம் வரும் இடம்.

பயணப்பை எழுதியது:

வரியை ஏற்று, கட்டணத்தை ஏற்று, பெரிய செலவாளிகளை மட்டும் கூப்பிடு என்று போனால் கடைசியில் யார் ஊர் சுற்ற முடியும்? ஒரு ஆசிரியரும் ஒரு நர்ஸும் வருடம் முழுக்கச் சேமித்து, வாழ்நாளில் ஒரு முறை ஓர் அருமையான நகரத்தைப் பார்க்கிறார்கள். மலிவு விமானமும் மலிவு அறையும் வந்த பிறகுதான் அது முடிந்தது. "தரமான பயணி" என்று அதிகாரிகள் பேசும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. பணக்காரர் ஒருவர் தங்கும் அறைக்கு ஆகும் தண்ணீரும் மின்சாரமும் எளிய பயணி இருவருக்கு ஆவதைவிட அதிகம் இருக்கும்.

எண்கோலம் எழுதியது:

அதனால்தான் அறை விலையைப் பொறுத்து ஏறும் வரி நல்லது என்கிறேன். கியோட்டோ 2026 மார்ச் முதல் படிநிலை வைத்திருக்கிறது. ஓர் இரவுக்கு ஒரு லட்சம் யென்னுக்கு மேல் கொடுத்துத் தங்குகிறவருக்கு வரி 10,000 யென், மலிவு அறையில் தங்குகிறவருக்கு மிகக் குறைவு. உங்கள் ஆசிரியர் தப்பித்துவிடுவார்.

திட்டவரைவு எழுதியது:

விலையை வைத்துக் கூட்டத்தை வடிகட்டுவதை நானும் விரும்பவில்லை. நகரம் கட்டுப்படுத்த வேண்டியது படுக்கைகளின் எண்ணிக்கையை. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் புதிய ஹோட்டல் வர வேண்டுமானால் பழையது ஒன்று மூட வேண்டும், மொத்தப் படுக்கை எண்ணிக்கை கூடக் கூடாது. படுக்கை குறைவாக இருந்தால் காலப்போக்கில் அறை விலை ஏறும் என்பது உண்மை, பயணப்பையின் கவலைக்கு இதில் முழு விடை இல்லை. இளைஞர் விடுதிகளுக்கு என்று ஒரு பங்கை ஒதுக்கி வைக்கலாம், அதற்கு அரசியல் துணிச்சல் வேண்டும்.

நதிமூலம் எழுதியது:

நெடுநேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர்த் துப்பாக்கி பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

1975இல் ஜார்ஜ் டாக்ஸி என்ற ஆய்வாளர், பயணிகள் பெருகப் பெருக உள்ளூர்க்காரர் மனநிலை நாலு படியாக மாறும் என்றார். முதலில் உற்சாகம், பிறகு அலட்சியம், பிறகு எரிச்சல், கடைசியில் பகை. அரை நூற்றாண்டு ஆகியும் இது பொருந்துகிறது. ஆனால் எரிச்சல் என்ற படியிலேயே நகர நிர்வாகம் விழித்திருக்க வேண்டும். வாடகை பற்றி, இரவுச் சத்தம் பற்றி, பேருந்து பற்றி மக்கள் வருடக்கணக்காக மனு கொடுத்தார்கள். கேட்க ஆள் இல்லாதபோது கோபம் கண்ணெதிரே இருப்பவர் மேல் திரும்பியது. குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்த பயணி உரிமம் கொடுத்தவரும் இல்லை, வீட்டை மாற்றியவரும் இல்லை. அவர் மேல் தண்ணீர் அடிப்பதை என்னால் ஏற்க முடியாது. அடித்தவருடைய வலியைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

வரவேற்புமேசை எழுதியது:

இங்கே பேசியதையெல்லாம் இரண்டு முறை படித்தேன். தொழிலுக்காக வாதாட வந்தவன் இப்போது குடக்கூலியின் தலைப்புக் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து ஒரு பதில் சேர்க்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் பெண்களில் அறை சுத்தம் செய்பவர்கள் யாருமே ஹோட்டல் இருக்கும் வட்டாரத்தில் குடியில்லை. முன்பு இருந்தார்கள். வாடகை ஏற ஏற, வெளிப்புறத்துக்கு ஒவ்வொருவராகப் போனார்கள். விடிவதற்குள் கிளம்பி இரண்டு வண்டி மாறி வருகிறார்கள். காலி செய்யச் சொன்ன வீடுகளில் சில இப்போது எங்கள் ஹோட்டலுக்கே போட்டியாக இரவு வாடகைக்குப் போகின்றன. சுற்றுலா தந்த சம்பளத்தைச் சுற்றுலா ஏற்றிய வாடகையும் பயணச் செலவும் தின்றுவிடுகின்றன. வேலை தருகிற தொழில் என்று நான் பெருமையாகச் சொன்னது இன்னும் உண்மைதான். அந்த வேலையைச் செய்பவர் அதே நகரத்தில் வாழ முடியாவிட்டால் அந்தப் பெருமையில் பாதி போய்விடுகிறது.

எண்கோலம் சொன்ன வரிப்பணம் பற்றி ஒரு கேள்வி. அதில் ஒரு பங்கைத் தொழிலாளர்களுக்கான வாடகை வீடுகளுக்கு என்று சட்டத்திலேயே எழுதி வைக்க முடியுமா?

திட்டவரைவு எழுதியது:

முடியும். வரி விதிக்கும் சட்டத்திலேயே எதற்குச் செலவிட வேண்டும் என்று குறிப்பிட வேண்டும், பொதுக் கணக்கில் போட்டால் காணாமல் போகும். மாநகராட்சி நிலத்தை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்து அதில் கட்டினால் செலவும் குறையும்.

ஆனால் அதற்கு முன்னால் எத்தனை வீடு எங்கே விடுதியாக ஓடுகிறது என்பது நகரத்துக்குத் தெரிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. 2026 மே 20 முதல் நடைமுறை. பதிவுமுறை உள்ள இடங்களில் ஒவ்வொரு விளம்பரத்திலும் பதிவு எண் இருக்க வேண்டும், புக்கிங் தளங்கள் எத்தனை இரவு, எத்தனை விருந்தினர் என்ற விவரத்தை அரசுக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். இதுவரை ஆய்வாளர் படியேறிக் கதவைத் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

குடக்கூலி எழுதியது:

அப்படியானால் உங்கள் உள்ளாட்சியிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். வட்டாரவாரியாக எத்தனை பதிவு, எத்தனை வீடு ஒரே உரிமையாளர் பெயரில் இருக்கிறது, சென்ற ஆண்டு வசூலான தங்கல் வரி எந்தக் கணக்கில் போனது. இந்த மூன்றையும் கேட்டு ஒரு மனு எழுதத் தொடங்குகிறேன். வரவேற்புமேசை, உங்கள் தோழிகள் எந்த வட்டாரத்திலிருந்து எந்த வட்டாரத்துக்குப் போனார்கள், ஒரு நாளில் எவ்வளவு நேரம் வண்டியில் போகிறது என்பதை, பெயர் வேண்டாம், சேர்த்து அனுப்ப முடியுமா? மனுவில் முதல் பத்தியாக வைக்கிறேன்.